நாற்பது நிலையங்கள், ஒரே அளவுகோல்: செயற்கைக்கோள் லேசர் அளவீடு, ஓர் எளிய விளக்கம்

உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக உயர்ந்துவருகிறது என்று செய்திகளில் படிக்கிறோம். இந்த அளவை எடுப்பவை சென்டினல்-6 போன்ற செயற்கைக்கோள்கள். 1,336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி ரேடார் அலையைக் கடல்மீது அனுப்புகின்றன. அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நீர்ப்பரப்பு எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிடுகின்றன. ஆனால் அந்தச் செயற்கைக்கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாவிட்டால் கணக்கு எதற்கும் உதவாது. அதன் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிழை வந்தால் கடல் மட்டத்திலும் அதே ஒரு சென்டிமீட்டர் பிழை வரும். மூன்று ஆண்டுகளின் உயர்வு முழுவதும் அந்தப் பிழைக்குள் மறைந்துபோகும்.

உயரம் என்று சொல்லும்போது எதிலிருந்து உயரம் என்ற கேள்வியும் வரும். பூமியின் நிறை மையத்திலிருந்து என்பதுதான் விடை. அந்த மையத்துக்கு யாரும் இறங்கிப் போய் அடையாளக்கல் நட முடியாது. ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களும் அந்த மையத்தைச் சுற்றியே ஓடுகின்றன. எனவே அவற்றின் ஓட்டத்தைப் பல இடங்களிலிருந்து நுட்பமாக அளந்தால் மையம் எங்கே என்பதைக் கணக்கிட்டுவிடலாம். இன்று உலகம் பயன்படுத்தும் ஆய முறையில், அதாவது பூமியின் ஒவ்வோர் இடத்தையும் எண்களால் குறிக்கும் முறையில், தொடக்கப்புள்ளியை நிர்ணயிப்பது இந்த ஒரே வழிதான்: தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு லேசர் அனுப்பித் தூரம் அளப்பது.

இதைச் செய்யும் நிலையங்கள் உலகெங்கும் ஏறத்தாழ 40 இருக்கின்றன. அமெரிக்கா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளுக்குச் சொந்தமானவை. ஒன்றுக்கொன்று அரசியலில் முறைத்துக்கொண்டிருக்கும் நாடுகளின் நிலையங்கள்கூடத் தங்கள் அளவீடுகளை ஒரே வடிவத்தில், பொதுக் களஞ்சியங்களில் சேர்க்கின்றன. அங்கிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒத்துழைப்பு எப்படி நடக்கிறது, சேரும் எண்கள் நம்பத்தக்கவை என்று எப்படி உறுதி செய்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் பார்வையில் லேசரையும் தொலைநோக்கியையும்விட வியப்புக்குரியது இந்த ஏற்பாடுதான்.

அளப்பது எப்படி?

நிலையத்தில் ஒரு தொலைநோக்கியும் லேசரும் இருக்கும். பெரும்பாலான நிலையங்கள் 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைப் பயன்படுத்துகின்றன. மிகக் குறுகிய ஒளித்துடிப்பு ஒன்று மேலே போகிறது. செயற்கைக்கோளின் உடலில் பொருத்தப்பட்ட கண்ணாடிப் பட்டகங்கள், எந்தக் கோணத்தில் ஒளி பட்டாலும் வந்த திசையிலேயே அதைத் திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வரும் ஒளியைத் தொலைநோக்கி பிடிக்கிறது. போய்வந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடும்.

ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். போய்வரும் நேரத்தில் ஒரு நானோ விநாடி தவறினால் தூரத்தில் 15 சென்டிமீட்டர் தவறும். ஒரு மில்லிமீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் 6.7 பிக்கோ விநாடிக்குள் நேரத்தை அளக்க வேண்டும். பிக்கோ விநாடி என்பது ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இந்த முறையை முதலில் வெற்றிகரமாகச் செய்து காட்டியது நாசாவின் கோடார்டு மையம்; 1964 அக்டோபரில், எக்ஸ்ப்ளோரர்-22 என்ற செயற்கைக்கோளை வைத்து. அன்றைய துல்லியம் சில மீட்டர். இன்று நல்ல நிலையங்கள் மில்லிமீட்டர் கணக்கில் அளக்கின்றன.

இதற்காகவே உருவாக்கப்பட்ட செயற்கைக்கோள்களும் உண்டு. அவற்றில் புகழ்பெற்றது 1976 மே மாதம் ஏவப்பட்ட லேஜியோஸ். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோக உருண்டை. எடை ஏறத்தாழ 400 கிலோ. மேற்பரப்பு முழுவதும் 426 பட்டகங்கள். உள்ளே மின்கலமோ, கணினியோ, வானொலியோ எதுவும் கிடையாது. பழுதாக ஒன்றுமில்லாததால் ஐம்பதாண்டுகளாக ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. 1992-இல் லேஜியோஸ்-2 சேர்ந்தது. ஏறத்தாழ 5,900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இவற்றுக்கு, தலைக்கு நேர்மேலே இருக்கும்போது ஒளி போய்வர ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு ஆகிறது.

ஒருவர் மட்டும் செய்தால் போதாதா?

போதாது. ஒரு நிலையத்தின் வானில் தாழ்வான செயற்கைக்கோள் சில நிமிடங்களும், லேஜியோஸ் ஒரு மணி நேர அளவும்தான் தெரியும். மேகம் வந்தால் லேசர் ஊடுருவாது; அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடும். மீதிச் சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் என்ன செய்தது என்பது வேறெங்கோ இருக்கும் நிலையத்துக்குத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு நிலையமும் மற்ற நிலையங்களின் தரவு இல்லாமல் தன் தரவுக்கே முழுப் பொருள் காண முடியாத நிலையில் இருக்கிறது.

இந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் 1998-இல் அமைந்த பன்னாட்டு லேசர் தொலைவளவுச் சேவை. இதற்கென்று தனிக் கருவூலம் இல்லை. எந்த நிலையத்துக்கும் கட்டளையிடும் அதிகாரமும் இல்லை. நிலையங்களுக்கு அவரவர் நாட்டு நிறுவனங்களே பணம் தருகின்றன. சேவையின் மத்தியப் பணியகம் நாசாவின் கோடார்டு மையத்தில் இயங்குகிறது. நிலையங்கள், தரவுக் களஞ்சியங்கள், பகுப்பாய்வு மையங்கள், செயற்கைக்கோள் உரிமையாளர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் கூடி விதிகளை வகுக்கிறார்கள். யாரையும் வற்புறுத்த முடியாத இடத்தில் ஒழுங்கு எப்படி நிலைக்கும் என்று தோன்றலாம். தனியாக வேலை செய்தால் அதன் பலன் தனக்கே கிடைக்காது என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் தெரியும் என்பதே இதற்கு விடை.

அளப்பதற்கு முன்னரே தொடங்கும் பகிர்வு

தரவுப் பகிர்வு என்றவுடன் அளந்து முடித்தபின் கோப்பை அனுப்பி வைப்பதுதான் நினைவுக்கு வரும். இங்கே அது ஒளித்துடிப்பு கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. லேசர் கற்றை மிகக் குறுகலானது. செயற்கைக்கோள் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் குறிவைக்க முடியும். இந்த முன்கணிப்புகளைச் செயற்கைக்கோளை இயக்குபவர்களும் சில மையங்களும் தயாரித்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்புகிறார்கள். அனைவருக்கும் ஒரே கோப்பு வடிவம். எனவே பெருவில் இருக்கும் நிலையமும் லாட்வியாவில் இருக்கும் நிலையமும் ஒரே கோப்பை அப்படியே பயன்படுத்தலாம்.

தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களை மெல்லிய வளிமண்டலம் இழுத்துப் பிடிக்கும். முன்கணிப்பைவிடச் சில மில்லி விநாடிகள் முன்னதாகவோ தாமதமாகவோ அவை வந்து சேரும். ஒரு மில்லி விநாடியில் அவை ஏழு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகின்றன. ஒரு நிலையம் செயற்கைக்கோளைப் பிடித்தவுடன், இத்தனை மில்லி விநாடி விலகலில் கிடைத்தது என்ற தகவல் உடனுக்குடன் மற்ற நிலையங்களின் திரைக்குப் போகும் ஏற்பாடு ஐரோப்பாவில் தொடங்கியது. அடுத்த நிலையம் இருட்டில் தேட வேண்டியதில்லை.

இன்னொரு வகைப் பகிர்வு, எப்போது அளக்கக் கூடாது என்பது. பனிப்பாறைகளின் உயரத்தை அளக்க 2003-இல் ஏவப்பட்ட ஐஸ்சாட் செயற்கைக்கோளில் நுண்ணிய ஒளி உணரிகள் பூமியை நோக்கி இருந்தன. தரையிலிருந்து நேராக மேலே வரும் வலுவான லேசர் அவற்றைக் கெடுத்துவிடக் கூடும். ஆகவே அனுமதி பெற்ற நிலையங்கள் மட்டும், அதுவும் செயற்கைக்கோள் தலைக்கு நேர்மேலே இல்லாதபோது மட்டும் அளக்கலாம் என்று விதி வகுத்தார்கள். செல்லலாம், நிறுத்து என்ற ஒற்றைக் குறியைத் தாங்கிய சிறு கோப்பை நிலையங்கள் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்ளும். நிறுத்து என்று வந்தால் லேசர் நிற்க வேண்டும். பல கோடி டாலர் கருவியின் உரிமையாளர் பிற நாட்டு நிலையங்களை நம்பி இப்படிப்பட்ட அனுமதியைக் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம்

பழைய நிலையங்கள் விநாடிக்குப் பத்து துடிப்புகள் அனுப்பின. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நிலையம் 2003-இல் விநாடிக்கு 2,000 துடிப்புகளுக்கு மாறியது. பின்னர் பலரும் அவ்வழியே போனார்கள். இவ்வளவையும் அப்படியே அனுப்பினால் எல்லோருக்கும் சுமை. எனவே லேஜியோஸ் என்றால் 120 விநாடிகளுக்கு ஒன்று என்று கூறுபோட்டு, அந்தக் கூறில் வந்த அளவீடுகளிலிருந்து இரைச்சலை நீக்கி ஒரே ஒரு தூரத்தை எடுக்கிறார்கள். இதற்கு நார்மல் பாயின்ட் என்று பெயர். தாழ்வான செயற்கைக்கோள்களுக்குக் கூறு சில விநாடிகள்தான், ஜி.பி.எஸ். உயரத்தில் இருப்பவற்றுக்கு 300 விநாடிகள். எந்தச் செயற்கைக்கோளுக்கு எத்தனை விநாடி, சராசரி எடுக்கும் கணித முறை எது என்பதெல்லாம் அனைவருக்கும் பொது. ஆளுக்கொரு முறையில் சராசரி எடுத்தால் பின்னர் ஒப்பிடவே முடியாது.

இந்தப் புள்ளிகள் வரும் கோப்பு சாதாரண எழுத்துக் கோப்பு. எவரும் திறந்து படிக்கலாம். எச்2 என்று தொடங்கும் வரி நிலையத்தைச் சொல்லும். ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு இலக்க எண் உண்டு: மேற்கு ஆஸ்திரேலியாவின் யாரகடிக்கு 7090, இங்கிலாந்தின் ஹெர்ஸ்ட்மான்சோவுக்கு 7840, கிராட்ஸுக்கு 7839. எச்3 வரி எந்தச் செயற்கைக்கோள் என்று சொல்லும். 11 என்று தொடங்கும் வரிகள்தான் நார்மல் பாயின்ட்டுகள்: எந்த நேரத்தில், ஒளி போய்வர எவ்வளவு ஆயிற்று, எத்தனை துடிப்புகளைச் சேர்த்து இந்த எண் வந்தது, அவை தங்களுக்குள் எவ்வளவு சிதறியிருந்தன.

தூரம் மட்டும் போதும் என்பவர் இந்த வரிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கோப்பின் உண்மையான மதிப்பு மற்ற வரிகளில்தான் இருக்கிறது. 20 என்ற வரியில் அந்த நேரத்துக் காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் இருக்கும். காற்று ஒளியைச் சற்றுத் தாமதப்படுத்தும். நேர்மேலே பார்த்தாலே தூரத்தில் இரண்டரை மீட்டர் அளவுக்கு அதிகம் காட்டும். இதைத் திருத்தக் காற்றழுத்தம் வேண்டும். நிலையத்தின் சுவரில் இருக்கும் அழுத்தமானி ஒரே ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறாகக் காட்டினால் நேர்மேலான தூரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிழை சேரும். செயற்கைக்கோள் தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருந்தால் அது இரட்டிப்பாகும். கோடிக்கணக்கில் செலவழித்து நிறுவிய லேசரின் துல்லியத்தைச் சரிபார்க்காத ஓர் அழுத்தமானி கெடுத்துவிடலாம்.

40 என்ற வரி அளவுத்திருத்தம் பற்றியது. மின்கம்பிகளிலும் கண்ணாடிகளிலும் ஒளியும் மின்னோட்டமும் செலவழிக்கும் நேரத்தைக் கழிக்க வேண்டும் அல்லவா? அதற்காக நிலையத்தின் அருகே, நில அளவையாளர்கள் மில்லிமீட்டர் சுத்தமாகத் தூரம் அளந்து வைத்த ஓர் இலக்கு இருக்கும். செயற்கைக்கோளை அளப்பதற்கு முன்னும் பின்னும் அந்த இலக்கை லேசரால் அளந்து, அறிந்த தூரத்தோடு ஒப்பிடுவார்கள். எவ்வளவு கழிக்கப்பட்டது, முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் எவ்வளவு மாறின என்பது அந்த வரியில் பதிவாகும்.

எச்4 வரியின் கடைசிப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. தரவின் தரம் பற்றி நிலையம் தன் கையாலேயே போடும் ஒரு குறி: 0 என்றால் நன்று, 1 என்றால் ஐயத்துக்குரியது, 2 என்றால் மோசம் அல்லது தெரியாது. தன் வேலையில் ஐயம் இருந்தால் பிறர் கண்டுபிடிக்கும் முன்பே சொல்லிவிட ஓர் இடத்தை வடிவத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காற்றுத் திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டதா, நிலையத்தின் உள்தாமதம் கழிக்கப்பட்டதா என்ற குறிகளும் அதே வரியில் உண்டு. இவை இல்லையென்றால் ஒரே திருத்தத்தை இருவர் இரண்டு முறை செய்துவிடுவார்கள்.

நிலையம் அனுப்பிய கோப்பு முதலில் இயக்க மையத்துக்குப் போகிறது. வடிவம் சரியா, எண்கள் நடக்கக்கூடிய எல்லைக்குள் இருக்கின்றனவா என்று அங்கே பார்ப்பார்கள். பின்னர் இரண்டு களஞ்சியங்களில் சேரும்: ஒன்று நாசாவுடையது, மற்றொன்று மியூனிக்கில் உள்ள ஐரோப்பிய மையத்துடையது. இரண்டும் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டு ஒன்றுபோல் இருக்க முயல்கின்றன. அளந்த சில மணி நேரத்துக்குள் தரவு அங்கே வந்துவிட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தாமதமானால் அடுத்த நாளின் முன்கணிப்பு கெடும். கெட்ட முன்கணிப்பால் எல்லா நிலையங்களும் திண்டாடும்.

பிழை இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

பதினோராம் வகுப்பு இயற்பியலில் இரண்டு வகைப் பிழைகளைப் படித்திருப்போம்: ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை. ஒழுங்கற்ற பிழை மேலும் கீழுமாகச் சிதறும். நிறைய அளவீடுகள் எடுத்தால் சராசரியில் அடங்கிவிடும். முறையான பிழை அடங்காது. எப்போதும் பத்து கிராம் குறைத்துக் காட்டும் கடைத் தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே பத்து கிராம் குறையும். கடைக்காரர் நாணயமானவராகவே இருக்கலாம். வேறொரு தராசோடு ஒப்பிடும்வரை அவருக்கே அது தெரியப்போவதில்லை.

லேசர் நிலையங்களின் நிலையும் இதுதான். ஒரு நிலையம் தன் தரவை மட்டும் பார்த்தால் அது நேர்த்தியாக, சிதறலின்றி, மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரியும். எல்லா எண்களும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்பதை உள்ளிருந்து காண வழியில்லை. அதைக் காட்டுவது மற்ற நிலையங்களின் தரவு. எல்லோருடைய அளவீடுகளையும் சேர்த்து ஒரு சுற்றுப்பாதை கணக்கிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் வேலையைப் பல நிறுவனங்கள் தொடர்ந்து செய்கின்றன. ஜப்பானின் ஹிட்டோட்சுபாஷி பல்கலைக்கழகம் பல செயற்கைக்கோள்களை ஒன்றாக வைத்து நிலையங்களின் விலகலை அறிக்கையாக வெளியிடுகிறது. ஜெர்மனி, அமெரிக்கா, சீனா, ரஷ்யா ஆகிய நாடுகளின் மையங்களும் இதே வேலையைத் தனித்தனியே செய்துவந்திருக்கின்றன. ஒரு மையம் தவறினால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

இங்கிலாந்தின் ஹெர்ஸ்ட்மான்சோ நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலகின் மிகச் சிறந்த நிலையங்களில் ஒன்றாக எல்லோரும் மதிக்கும் இடம் அது. 2000-களில் அங்கே புதிய நேர அளவுக் கருவியை நிறுவினார்கள். பழைய மின்னணு எண்ணிகளை அதனோடு ஒப்பிட்டபோது, அளக்கும் தூரத்தைப் பொறுத்துப் பழைய கருவிகள் சில மில்லிமீட்டர்கள் பிசகியிருந்தது தெரியவந்தது. பக்கத்தில் இருக்கும் அளவுத்திருத்த இலக்கை அளக்கும்போது ஒரு விதமாகவும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு வேறு விதமாகவும் அவை நடந்துகொண்டதால் அன்றாடச் சோதனையில் இது அகப்படவில்லை. நிலையத்தார் அந்தப் பிசகை விரிவாக ஆராய்ந்து, பழைய தரவுக்கு எவ்வளவு திருத்தம் செய்ய வேண்டும் என்பதை வெளியிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தரவு வீணாகாமல் காப்பாற்றப்பட்டது.

இப்படிப்பட்ட திருத்தங்கள் ஒருவரின் நினைவிலோ பழைய மின்னஞ்சலிலோ தங்கிவிடக் கூடாது. அதற்காகப் பகுப்பாய்வாளர்கள் பொதுக் கோப்பு ஒன்றைப் பராமரிக்கிறார்கள்: எந்த நிலையத்தின் எந்தக் காலத் தரவை நீக்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும், எதில் விலகலைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்ற பட்டியல். நிலையங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. உணரியை மாற்றினாலும், லேசரை மாற்றினாலும், மென்பொருளைப் புதுப்பித்தாலும் மாற்ற வரலாற்றில் பதிந்து, தரவில் வரும் குறியையும் ஓர் எண் உயர்த்த வேண்டும். பத்தாண்டு கழித்து, 2014-இல் ஏன் இந்த நிலையம் நான்கு மில்லிமீட்டர் தாவுகிறது என்று ஓர் ஆய்வாளர் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, அந்த மாதம் உணரி மாற்றப்பட்டது என்ற ஒரு வரி அவருடைய பல வார உழைப்பை மிச்சப்படுத்தும். அந்த வரி இல்லையென்றால் நிலம் நகர்ந்ததா, கருவி மாறியதா என்று தீர்மானிக்கவே முடியாது. தரவைப் பகிர்பவர் கருவியின் வரலாற்றையும் சேர்த்துத் தராவிட்டால் பாதியைத்தான் தருகிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

புதிதாகத் தொடங்கும் நிலையமும், நெடுநாள் மூடிக் கிடந்து திறக்கும் நிலையமும் நேரடியாகப் பொதுக் களஞ்சியத்தில் சேர முடியாது. அவற்றின் தரவை முதலில் தனியே ஒதுக்கி வைத்து, பகுப்பாய்வு மையங்கள் சரிபார்த்துத் தேர்ச்சி கொடுத்த பிறகே மற்றவற்றோடு கலப்பார்கள்.

கடிகாரத்துக்கும் இந்தச் சோதனை உண்டு. 2008-இல் ஏவப்பட்ட ஜேசன்-2 செயற்கைக்கோளில், லேசர் துடிப்பு வந்து சேரும் நேரத்தை விண்ணிலேயே பதியும் பிரெஞ்சுக் கருவி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு பார்த்தபோது சில நிலையங்களின் கடிகாரங்கள் மைக்ரோ விநாடிக் கணக்கில் விலகியிருந்தது வெளிப்பட்டது. செயற்கைக்கோள் ஒரு மைக்ரோ விநாடியில் ஏழு மில்லிமீட்டர் ஓடிவிடும் என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

உருண்டையின் எந்த இடம்?

பிழை எப்போதும் நிலையத்தில்தான் இருக்கும் என்றும் இல்லை. லேஜியோஸின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி மேற்பரப்புக்கான தூரத்தையே தருகிறது; நமக்கு வேண்டியது உருண்டையின் நடுப்புள்ளி. இதற்காக நெடுங்காலம் 251 மில்லிமீட்டர் என்ற ஒரே எண்ணை எல்லோருடைய தரவிலும் கூட்டிவந்தார்கள். ஆனால் ஒளி ஒரே ஒரு பட்டகத்திலிருந்து திரும்புவதில்லை. வலுவான எதிரொளியைப் பெறும் நிலையத்தின் உணரி, முதலில் வந்து சேரும் ஒளித்துகளைக் கண்டவுடன் பதிந்துவிடும். அது உருண்டையின் நம் பக்கத்து முகப்பிலிருந்து வந்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒளித்துகளை மட்டும் பிடிக்கும் நிலையம், முகப்பு முழுவதற்குமான சராசரியை அளக்கும். இரண்டுமே சரியான அளவீடுகள்தான். ஆனால் அளந்த இடம் சில மில்லிமீட்டர் வேறு. ஓட்சுபோ, ஆப்பிள்பி என்ற ஆய்வாளர்கள் 2003-இல் இதை விரிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று நிலையத்துக்கு நிலையம், காலத்துக்குக் காலம் வேறு வேறு எண்களைப் பயன்படுத்துகிறார்கள். நிலையங்கள் தங்கள் உணரியின் வகையையும் எந்த வலிமையில் ஒளியைப் பெறுகிறார்கள் என்பதையும் பதிந்து வைத்திராவிட்டால் இந்தத் திருத்தம் சாத்தியமே இல்லை.

இதன் பலனை ஓர் எண்ணில் பார்க்கலாம். உலக ஆய முறையின் அளவை, அதாவது பூமி எவ்வளவு பெரியது என்பதை, லேசர் அளவீடும் தொலைதூர விண்மீன் திரள்களைக் கவனிக்கும் வானொலித் தொலைநோக்கிகளும் தனித்தனியே தருகின்றன. ஐ.டி.ஆர்.எஃப்.2014 என்ற பதிப்பில் இவ்விரண்டுக்கும் இடையே நூறு கோடியில் 1.37 பங்கு வேறுபாடு இருந்தது. பூமியின் பரப்பில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். யார் பக்கம் பிழை என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. லேசர் பகுப்பாய்வாளர்கள் ஒவ்வொரு நிலையத்தின் முறையான பிழையையும் பல ஆண்டுத் தரவிலிருந்து நிதானமாகப் பிரித்தெடுத்து, உருண்டைக்கான திருத்தங்களையும் புதுப்பித்தார்கள். ஐ.டி.ஆர்.எஃப்.2020 வந்தபோது வேறுபாடு நூறு கோடியில் 0.15 பங்காக, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கியது. புதிய செயற்கைக்கோளோ புதிய லேசரோ தந்த பலன் அல்ல இது. பெரும்பகுதி பழைய தரவை மறுபடி கவனமாகப் படித்ததால் வந்தது.

யாருக்கெல்லாம் பயன்பட்டது?

களஞ்சியம் திறந்திருப்பதால், அளந்தவர்கள் எதிர்பாராத இடங்களிலும் தரவு போய்ச் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படை 1998-இல் ஏவிய ஜியோசாட் ஃபாலோ-ஆன் செயற்கைக்கோளில் ஜி.பி.எஸ். கருவிகள் சரிவர வேலை செய்யவில்லை. உடலில் பட்டகங்கள் இருந்ததால் லேசர் நிலையங்களின் தரவே அதன் பாதையைத் துல்லியமாகக் கணிக்க முதன்மை ஆதாரமாயிற்று. பனிப்பாறைகள் கரைவதையும் நிலத்தடி நீர் குறைவதையும் எடைபோட்ட கிரேஸ் செயற்கைக்கோள்கள், பூமியின் துருவங்கள் தட்டையாக இருக்கும் அளவை மட்டும் சரியாக உணரவில்லை. அந்த ஓர் எண்ணை எடுத்துவிட்டு லேசர் அளவீட்டிலிருந்து வந்த எண்ணை வைத்துத்தான் ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவின் நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களும் பட்டகங்களைச் சுமந்தே போயின. அவற்றின் பாதையை இஸ்ரோ தன் வழியில் கணிக்க, பிற நாட்டு லேசர் நிலையங்கள் அளந்த தூரங்கள் அதைச் சரிபார்க்க உதவியிருக்கின்றன.

இந்த வகைப் பகிர்வு அரசுகளின் கவனத்துக்கும் வந்தது. 2015 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச்சபை, உலகப் புவியளவை ஆய முறைக்காக நாடுகள் தரவையும் நிலையங்களையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இன்னும் மீதியிருக்கும் குறை

நிலையங்கள் உலகில் சீராகப் பரவியிருக்கவில்லை. ஐரோப்பாவில் நெருக்கமாக நிற்கின்றன. சீனாவிலும் பல இருக்கின்றன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே யாரகடி, கான்பெர்ராவுக்கு அருகே மவுண்ட் ஸ்ட்ரோம்லோ, தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்பீஸ்ட்ஹூக், பெருவின் அரெக்கீப்பா, தஹித்தி, அர்ஜென்டினாவின் சான் ஹுவான் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மவுண்ட் ஸ்ட்ரோம்லோ 2003 ஜனவரிக் காட்டுத்தீயில் எரிந்துபோய் மறுபடி கட்டப்பட்டது. யாரகடியில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருப்பதால் உலகிலேயே மிக அதிகமாக அளந்து தரும் நிலையங்களில் அது ஒன்று. தென்கோளத்தின் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவதும் அதுதான். வடக்கே கூட்டமும் தெற்கே வெறுமையும் இருந்தால், பூமியின் மையம் சுழல் அச்சின் வழியே வடக்கு தெற்காக எவ்வளவு நகர்கிறது என்பதைக் கணிப்பதில் துல்லியம் குறைகிறது.

மேகமும் தன் பங்குக்கு ஒரு சிக்கலைத் தருகிறது. லேசர் நிலையம் தெளிவான வானத்தில்தான் அளக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் காற்றழுத்தம் பொதுவாக அதிகம். அந்த எடை நிலத்தையே சில மில்லிமீட்டர் கீழே அழுத்தும். மழை நாட்களில் நிலம் சற்று மேலே எழும்பி நிற்கும்போது அளவீடு எதுவும் கிடையாது. ஆகவே சராசரி எடுத்தால் நிலையம் உண்மையைவிடச் சற்றுத் தாழ்வாகவே தெரியும். இதற்கு நீலவான விளைவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வளிமண்டல மாதிரிகளைக் கொண்டு இந்த அழுத்தத்தைக் கணக்கிட்டுக் கழிக்க முடியும். மாதிரிகள் எவ்வளவு நம்பத்தக்கவையோ அவ்வளவுதான் திருத்தமும் நம்பத்தக்கது. ஒரு மில்லிமீட்டர் துல்லியமும், ஆண்டுக்கு பத்தில் ஒரு மில்லிமீட்டர் உறுதியும் வேண்டும் என்பது புவியளவையாளர்கள் வகுத்துக்கொண்ட இலக்கு. அதை எட்ட இப்போதிருக்கும் நிலையங்கள் தொய்வின்றி நடக்க வேண்டும். தெற்கே இன்னும் சில நிலையங்கள் எழ வேண்டும். அவை முதல் நாளிலிருந்தே தங்கள் அழுத்தமானியின் எண்ணையும், உணரி மாற்றிய தேதியையும் தவறாமல் பதிந்து அனுப்ப வேண்டும்.